போன், பணம், ஓடிபி: கடை கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் சர்வீஸ் கடைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வருகிறவர்கள், ஒட்டி முடிப்பதற்குள் ஒரு சந்தேகமாவது கேட்டுவிடுவார்கள். பாதிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகிறவைதான், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டேஷன் சார்ஜர், இலவச வைஃபை என்று பயம் தேவையில்லாத இடத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள். யாரோ ஒருவன் போனில் கூப்பிட்டு "சார்" என்றதும் சொன்னபடியெல்லாம் அழுத்துகிறார்கள்.

1. "தம்பி, ஒருத்தர் எனக்கு ஜிபேல பணம் அனுப்புறாரு. நான் பின் நம்பர் போட்டாத்தான் வரும்ங்கிறாரு. அப்படியா?"

இல்லை. பணம் வாங்க நீங்கள் எதையும் போட வேண்டாம். யுபிஐ பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். பேலன்ஸ் பார்க்கவும் கேட்கும். 2016இல் யுபிஐ வந்ததிலிருந்து இதுதான் முறை. க்யூஆரும் அப்படியே, ஸ்கேன் செய்கிறவர்தான் பணம் கொடுக்கிறவர். பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டவரிடம், "இதை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்று ஒருவன் க்யூஆர் அனுப்பினால் அவன் கட்டில் வாங்க வந்தவன் இல்லை.

அடுத்த முறை பின் கேட்கும் பக்கம் வரும்போது கட்டைவிரலை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். யாருக்கு, எவ்வளவு என்று அங்கேயே போட்டிருக்கும். பலர் கீழே இருக்கும் எண்களை மட்டும் பார்த்துத் தட்டுகிறார்கள். முன்பெல்லாம் முகம் தெரியாத ஆள்கூட "இவ்வளவு கொடுங்கள்" என்று ஒரு கோரிக்கையை உங்கள் ஆப்புக்குள் அனுப்ப முடிந்தது. தனிநபர்கள் அப்படி அனுப்புவதை யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. கடைகளும் நிறுவனங்களும் அனுப்புவது இன்னும் உண்டு.

2. "ஓடிபிதான சொல்லக்கூடாது? பின், கார்டு பின்னாடி இருக்கிற மூணு நம்பர் எல்லாம் பரவால்லயா?"

எதுவுமே பரவாயில்லை கிடையாது. பின் என்பது நீங்களே வைத்துக்கொண்ட ரகசியம். ஓடிபி அந்த ஒரு வேலைக்கு மட்டும் வருகிற ரகசியம். கார்டின் பின்னால் இருக்கும் அந்த மூன்று எண்ணை சிவிவி என்பார்கள், கார்டு உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வங்கி ஊழியர், போலீஸ், கஸ்டமர் கேர், மேனேஜர் என்று யார் போனில் கேட்டாலும் சொல்ல வேண்டாம். நிஜ ஊழியருக்கு இவை தேவையே படாது. இன்னொன்று, ஓடிபி வந்த மெசேஜை முழுசாகப் படியுங்கள். எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று அதிலேயே இருக்கும். பலர் எண்ணை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு, "எல்லாம் கரெக்டாத்தானே சொன்னேன்" என்று வந்து நிற்கிறார்கள்.

3. "யாரோ தெரியாம என் அக்கவுண்ட்ல பணம் போட்டுட்டாங்களாம். பாவம், அழுவுறாங்க. திருப்பி அனுப்பிடட்டுமா?"

முதலில் பணம் வந்ததா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதீர்கள், வங்கி ஆப்பையோ பாஸ்புக்கையோ பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் வரவு" என்று யார் வேண்டுமானாலும் டைப் செய்து அனுப்பலாம்.

நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். "உங்க பேங்க்ல புகார் கொடுங்க, எங்க பேங்க் கேட்டா நான் சம்மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் கிளைக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அது எங்கோ ஏமாந்தவருடைய பணமாக இருந்து, நீங்கள் அதை மூன்றாவது ஆளுக்கு அனுப்பிவிட்டால் வருகிற வம்பைக் கடைசி இரண்டு கேள்விகளில் சொல்கிறேன்.

சின்னத் தொகையைப் போட்டுவிட்டு, நீங்கள் பேலன்ஸ் பார்க்கப் பின் போடும்போது பெரிய தொகையை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு செய்தி சுற்றியது. தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசாரும் அதைப் பற்றி எச்சரித்தார்கள். ஆப்பைத் திறப்பதாலேயோ பேலன்ஸ் பார்ப்பதாலேயோ எந்தக் கோரிக்கையும் தானாக ஒப்புதலாகிவிடாது என்று என்பிசிஐ விளக்கம் கொடுத்தது. ஆனாலும் முதல் கேள்வியில் சொன்னதுபோல, எந்தப் பக்கத்தில் பின் போடுகிறோம் என்று பார்ப்பது நல்லது.

4. "பேங்க் அனுப்புற மெசேஜ் எது, டூப்ளிகேட் எது, எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வங்கி மெசேஜ் மொபைல் எண்ணிலிருந்து வராது, எழுத்துப் பெயரில் வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகின்றன. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது" என்ற மெசேஜ் ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அதைத் திறந்து ஆராய்ச்சி பண்ண வேண்டாம், அழித்துவிடுங்கள்.

அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசையை வங்கிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். விளம்பர அழைப்பு 140இல் தொடங்கும். வங்கிகளின் இணைய முகவரிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தோம். இப்போது திருட்டுத் தளங்களுக்கும் அந்தப் பூட்டு இருக்கிறது. 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

5. "இன்னைக்கு ராத்திரி 9.30க்கு கரண்ட் கட்னு மெசேஜ் வந்திருக்கு. நான் பில் கட்டிட்டேனே?"

கட்டிவிட்டீர்கள் என்றால் விட்டுத்தள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் மின்வாரிய ஆப்பிலோ, வழக்கமாகக் கட்டும் இடத்திலோ உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். கட்டாவிட்டால்கூட ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் ஃபியூஸைப் பிடுங்க வர மாட்டார்கள். அந்த நேரத்தைப் போடுவதே நீங்கள் யாரிடமும் கேட்க முடியாது என்பதற்காகத்தான்.

மெசேஜால் ஒன்றும் ஆகாது, அதில் இருக்கும் "அதிகாரி" நம்பரைக் கூப்பிடும்போதுதான் ஆபத்து. "பத்து ரூபாய் மட்டும் கட்டி அப்டேட் பண்ணுங்க, அதுக்கு ஒரு ஆப் இறக்குங்க" என்பான். அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டுகிற ஆப். எனிடெஸ்க் போன்ற ஆப்களை வைத்து இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. அந்த ஆப் மேல் தப்பில்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். அறிமுகமில்லாதவன் இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடிக் கிடைக்கும் எண்ணும் இதே கதைதான். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

6. "கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்ல வந்துச்சு. அமுக்கினா ஏதோ இன்ஸ்டால் ஆச்சு, பத்திரிகையைக் காணோம். என்னண்ணே அது?"

சமீப காலத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டியது இதுதான். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். உங்களுக்கு வந்த ஃபைலின் பெயர் "டாட் ஏபிகே" என்று முடிந்திருக்கும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப். டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான், கேஸ் கனெக்ஷன், வங்கி ரிவார்டு பாயின்ட் என்று பல வேஷத்தில் வருகிறது. அனுப்பியவர் தெரிந்தவராகவே இருப்பார். அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டதால், அவர் கான்டாக்டில் இருக்கும் எல்லோருக்கும் அதுவாகவே போயிருக்கும்.

அது உள்ளே வர நீங்கள் இரண்டு மூன்று இடத்தில் சரி சொல்லியிருக்க வேண்டும். முதலில் "அறியப்படாத ஆப்ஸை நிறுவ அனுமதியா" என்று போன் கேட்கும். அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி. அப்புறம் அக்சஸிபிலிட்டி என்கிற அணுகல்தன்மை அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதில் பட்டனை அழுத்தவும் அந்த ஆப்பால் முடியும். ஓடிபி வந்தால் நீங்கள் பார்ப்பதற்கு முன் அது பார்த்துவிடும். கடைக்கு வந்த ஒரு போனில் ஆப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், நடுவில் பெயரும் இல்லாமல் படமும் இல்லாமல் ஒரு வெற்று வரி இருந்தது. அதைத் தொட்டால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகக் கிடந்தது. சாதனத்தை நிர்வகிக்கும் அனுமதியையும் அது வாங்கி வைத்திருந்தது.

மாட்டிக்கொண்டால் உடனே ஃபிளைட் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 16ஆம் கேள்விக்குப் போங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் சுத்தமான வழி, ஆனால் அதற்கு முன் அந்த மெசேஜையும் ஃபைல் பெயரையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். ரீசெட் செய்துவிட்டு வந்து "ஆதாரம் எங்கேன்னு கேக்குறாங்க" என்று புலம்பியவர்கள் உண்டு.

7. "ஐபோன் வாங்கிட்டா இந்தத் தொல்லை இருக்காதுல்ல?"

ஏபிகே தொல்லை இருக்காது. மற்றதெல்லாம் இருக்கும். ஓடிபி கேட்கிறவன் நீங்கள் எந்த போன் வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. அதற்காக மட்டும் கடன் வாங்கி ஐபோன் எடுக்காதீர்கள். பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டிலும் "அறியப்படாத ஆப்ஸ்" அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போனில் மட்டும் வங்கி ஆப் வைக்காதீர்கள்.

8. "போன்ல 13 வைரஸ் இருக்குன்னு காட்டுது. ஆன்டிவைரஸ் போட்டுடவா?"

காட்டுவது விளம்பரம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் போனுக்குள் வைரஸை எண்ண முடியாது. அந்தப் பக்கத்தை மூடுங்கள், குரோம் செட்டிங்கில் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே புரொடெக்ட் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸில் டிஃபென்டர் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இவை போதும் என்பது என் கருத்து. "கிளீனர்", "பூஸ்டர்" என்று இருக்கும் ஆப்களால் போன் மெதுவாவதைத்தான் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 10 என்றால் அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

9. "ரயில்வே ஸ்டேஷன் வைஃபை, சார்ஜர் பாயின்ட் எல்லாம் தொடவே கூடாதாமே?"

தொடலாம். பொது சார்ஜர் வழியாகத் தகவலைத் திருட முடியும் என்று 2011இல் அமெரிக்க ஹேக்கர் மாநாடு ஒன்றில் செய்து காட்டினார்கள். அதிலிருந்து எச்சரிக்கை மட்டும் ஆண்டுதோறும் சுற்றுகிறது, பாதிக்கப்பட்டவர் என்று நம் கடைக்கு ஒருவர் வந்ததில்லை. உங்கள் அடாப்டரை பிளக்கில் செருகினால் பிரச்சினையே இல்லை. யுஎஸ்பி ஓட்டையில் செருகி, "டேட்டா பகிரவா" என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வைஃபையும் அப்படித்தான். இப்போது எல்லா வங்கித் தளமும் ஆப்பும் போகிற வழியிலேயே தகவலைக் குறியாக்கம் செய்துதான் அனுப்புகின்றன. பழைய நாளின் பயம் இன்றைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வங்கி வேலை என்றால் ஒரு நிமிடம் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள், மனசுக்கும் நிம்மதி.

10. "மிக்ஸி வாங்கணும்னு வீட்ல பேசிட்டிருந்தோம். உடனே மிக்ஸி விளம்பரம் வருது. போன் ஒட்டுக்கேக்குதுதானே?"

இதை நம்பாதவர்களே இல்லை. ஆனால் 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து ஆடியோ அனுப்பிய ஆப் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பியதுதான் கிடைத்தது.

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. உங்கள் வீட்டு வைஃபையில் உங்கள் மனைவி மிக்ஸி தேடியிருப்பார். தீபாவளி நெருங்கியிருக்கும். நீங்கள் பாத்திரக் கடைப் பக்கம் பத்து நிமிடம் நின்றதும் அவர்களுக்குத் தெரியும். எந்த ஆப்புக்கு மைக், லொக்கேஷன் அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு லொக்கேஷன் எதற்கு?

11. "பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பையன் திட்டுறான்."

பையன் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். வீட்டு பீரோவில் இருக்கும் நோட்டை வெளிநாட்டில் இருப்பவன் படிக்க முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பதுதான் தப்பு. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து அது கசிந்தால், அதே ஈமெயில், அதே பாஸ்வேர்டைப் போட்டு மற்ற எல்லா இடத்திலும் திறந்து பார்ப்பார்கள். நோட்டில் வங்கி பின் மட்டும் எழுத வேண்டாம், பர்ஸில் வைத்துக்கொண்டு அலையவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் ஈமெயிலை மட்டுமாவது மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை "மறந்துவிட்டேன்" போட்டால் புதுப்பிக்கும் இணைப்பு ஈமெயிலுக்குத்தான் வரும். அதற்கு நீளமான தனிப் பாஸ்வேர்டும், அதோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் வையுங்கள். பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்ற பழைய யோசனையை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் கைவிட்டது. மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போனார்கள், வேறென்ன.

12. "எங்க அக்கா வாட்ஸ்அப்லேருந்து அவசரமா பணம் கேட்டு மெசேஜ். அக்காவோ நான் கேக்கவே இல்லைங்கிறா."

அக்காவின் வாட்ஸ்அப்பை வேறு யாரோ திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு "தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கக் கோடு வந்திருக்கும், அனுப்புங்க" என்று தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து கேட்டிருப்பார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன ஓடிபி கதையே, இங்கே கேட்டவர் தெரிந்தவர் என்பதால் கொடுத்துவிட்டார்.

அக்காவை அவர் போனில் வாட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவி, தன் எண்ணை மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ் கோடு அவருக்குத்தான் வரும், போட்டதும் அவன் வெளியேறிவிடுவான். அவன் இருபடிச் சரிபார்ப்புப் பின் வைத்துவிட்டிருந்தால் அதைத் தாண்ட ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அதற்குள் அவனும் உள்ளே இருக்க முடியாது. கிடைத்ததும் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் நீக்குங்கள். இதைப் படிக்கிற நீங்கள் இப்போதே இருபடிப் பின்னை வைத்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. பணம் கேட்கும் சொந்தக்காரரிடம் சாதாரண காலில் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

13. "ஆதார் ஜெராக்ஸ் எல்லா இடத்துலயும் கொடுத்திருக்கேன். என் பேர்ல யாராவது சிம் வாங்கியிருப்பாங்களோ?"

பார்த்துவிடலாம். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் இருக்கும் சிம் எல்லாம் வரும். உங்களுடையது இல்லாததை அங்கேயே குறித்துப் புகார் செய்யலாம். தொலைந்த போனை முடக்குவதும் அதே தளத்தில்தான். அதற்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# அழுத்தி இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள், தொலைந்தபிறகு அழுத்த போன் இருக்காது.

இனிமேல் ஜெராக்ஸ் கொடுக்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதாரின் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம். கைரேகையைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வழியில் நடக்கும் திருட்டுக்கு அதுதான் தடுப்பு. ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டியவர்கள் அன்றைக்குத் திறந்துகொள்ள வேண்டும், அது கொஞ்சம் தொல்லைதான்.

14. "திடீர்னு சிக்னலே இல்ல. டவர் பிரச்சினைன்னு விட்டுடலாமா?"

பக்கத்து வீட்டுக்காரரின் அதே நெட்வொர்க் சிம்மில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேறு யாராவது உங்கள் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். உடனே அந்த நிறுவனத்தின் கடைக்குப் போங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்று தொலைத்தொடர்புத் துறை விதி வைத்திருக்கிறது. அந்த ஒருநாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

15. "அப்பாவுக்கு வீடியோ கால்ல போலீஸ் யூனிஃபார்ம்ல ஒருத்தன். 'டிஜிட்டல் அரெஸ்ட்'டாம். ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேங்கிறாரு."

காலைத் துண்டியுங்கள். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது. எந்தப் போலீசும் வாட்ஸ்அப்பில் கைது செய்ய முடியாது, விசாரணைக்காகப் பணத்தை "பாதுகாப்புக் கணக்குக்கு" மாற்றச் சொல்லவும் முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்காதீர்கள். 2024இல் வடஇந்தியாவின் பெரிய ஜவுளிக் குழுமம் ஒன்றின் தலைவர் 7 கோடி ரூபாய் கொடுத்தார். அவருக்குப் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் கறுப்புப் பணக் கணக்கு என்று தொடங்கி, "யாரிடமும் சொல்லக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது" என்பார்கள். அந்தத் தனிமைதான் அவர்களுக்கு வேண்டும். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் நான் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கை யுபிஐயில் சேர்க்காதீர்கள். செலவுக்கு ஒரு கணக்கு, அதில் மாதத்துக்கு வேண்டியது மட்டும். அப்புறம், "போலீஸ் கூப்பிட்டா எந்த ஸ்டேஷன்னு கேட்டுட்டு வைங்க, நான் நேர்ல போறேன்" என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லும்போது அதட்டாதீர்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயத்திலேயே பணம் போனதை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

16. "பணம் போயிடுச்சு. ஸ்டேஷனுக்குப் போறதா, பேங்குக்கா?"

இரண்டுக்கும் முன்னால், சைபர் மோசடிப் புகாருக்கான அரசு எண் 1930ஐக் கூப்பிடுங்கள். லைன் பிஸியாக இருந்தால் விடாமல் அடியுங்கள், இடையில் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து நாலு என்று சில நிமிடங்களில் பிரியும். எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்குவதுதான் 1930இன் வேலை. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை, பணம் போன எண் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். அப்புறம் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள்.

திரும்ப வருமா என்றால், எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியாள் திருடியிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. நீங்களே பின்னோ ஓடிபியோ கொடுத்திருந்தால் தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில், தெரிவித்தபிறகு போவது வங்கியின் தலையில். அப்படிப்பட்ட புகாரிலும் தாமதிக்காதீர்கள், மிச்சத்தையாவது காப்பாற்றலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

17. "போன பணத்தை மீட்டுத் தர்றோம்னு டெலிகிராம்ல ஒரு வக்கீல் பேசுறாரு."

முதலில் ஏமாற்றியவனேதான், அல்லது அவனிடம் உங்கள் நம்பரை வாங்கியவன். "பிராசஸிங் ஃபீஸ்" கேட்பான். 1930 யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை.

18. "காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் என் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்தா கமிஷன்ங்கிறான். என் பணம் எதுவும் போகாதே?"

உங்கள் பணம் போகாது, நீங்கள் போவீர்கள். முந்தைய பதில்களில் "பணம் போன கணக்கு" என்று சொன்னேனே, அந்தக் கணக்கு இப்படித்தான் கிடைக்கிறது. மியூல் அக்கவுண்ட் என்பார்கள். எங்கோ ஒரு மாநிலத்தில் ஓய்வூதியக்காரர் இழந்த பணம் உங்கள் பெயரில் வந்து நிற்கும். போலீஸுக்கு முதலில் கிடைக்கும் பெயரும் முகவரியும் உங்களுடையது. மேலே இருக்கிறவன் வெளிநாட்டில் இருப்பான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்து விலைக்குக் கேட்கிறவர்களும் இதே கூட்டம்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வங்கிக்கு எழுதி கணக்கை நிறுத்துங்கள், ஒரு வக்கீலையும் பாருங்கள்.

19. "நான் பெட்டிக்கடை. யாரோ க்யூஆர்ல 340 ரூபா கொடுத்தான், அதுக்காக என் மொத்த அக்கவுண்டையும் முடக்கிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

நீங்கள் தப்பே பண்ணவில்லை. திருடிய பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் சாமான் வாங்கியிருக்கிறான், அந்தத் தடத்தைப் பிடித்து வந்திருக்கிறார்கள். கிளையில் போய்ச் சத்தம் போடுவதால் பயனில்லை, மேனேஜரால் தானாகத் திறக்க முடியாது. மூன்று விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: புகார் எண், எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், சம்பந்தப்பட்ட தொகை எவ்வளவு. பிறகு அந்தக் காவல் நிலையத்துக்கு ஈமெயிலில் கடை உரிமம், அன்றைய விற்பனைக் குறிப்பு, பில் இருந்தால் பில், உங்கள் வங்கி அறிக்கை எல்லாவற்றையும் அனுப்புங்கள். நேரில் வரச் சொன்னால், ஆவணங்களை ஈமெயிலில் ஏற்கும்படி கேட்டுப் பார்க்கலாம்.

சந்தேகத்துக்குரிய 340 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எவ்வளவு தொகை என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வங்கிக்கும் போலீஸுக்கும் எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். இது முடிய வாரங்கள் ஆகலாம், அதுவரை வியாபாரத்துக்கு வேறு வங்கியில் இன்னொரு கணக்கு இருந்தால் நல்லது. ஸ்கேன் செய்யும் கணக்கில் தினம் இரவு கொஞ்சம் மட்டும் விட்டுவிட்டு மீதியை அந்த இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் தெருவில் இப்போது பாதிக் கடைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.